மச்சான் முகத்தில் வெங்காயம்

அதிகம் பேசாதவனுக்கு ஒரு ஆபத்து உண்டு. எப்போதாவது அவன் ஒன்று சொன்னால் கேட்டவர்கள் அப்படியே நம்பிவிடுவார்கள். சளசளவென்று பேசுகிறவன் "இன்னைக்கு மழை வரும்" என்றால் யாரும் கொடியில் காயும் துணியை எடுப்பதில்லை. நான் சொன்னால் எடுத்துவிடுகிறார்கள்.

அப்படி நான் தேவையில்லாமல் ஒரே ஒரு வாக்கியம் பேசினேன். அது என் மகளின் காதுகுத்தில் வந்து நின்றது.

எட்டாவதோடு படிப்பு போதும் என்று முடிவெடுத்தவன் நான். (பள்ளிக்கூடமும் அதே முடிவில்தான் இருந்தது.) திருக்கோகர்ணம் தாண்டி ஒரு கல்லூரிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறேன். பேச்சு தேவைப்படாத தொழில். விரலைக் காட்டுவார்கள், டீ கொடுப்பேன்.

அந்தக் கல்லூரியில் வெளிநாட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள். அதில் இரண்டு பேர் தினமும் என் கடைக்கு வருவார்கள். ஒன்று நீமா. டான்சானியாக்காரப் பெண். வந்த இரண்டு வருஷத்தில் தமிழ் பழகிவிட்டாள். இன்னொருத்தன் பிகாஷ், நேபாளம். அவனுக்கு டீ குடிக்கத் தேவையான தமிழ் தெரியும்.

நீமா பையிலிருந்து சொந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டுவாள். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது. என் கடைப் பேப்பர் கப்பில் என்ன குறை? பிறகுதான் தெரிந்தது, குறை என் மேல் இல்லை, கப் மேல்தான். அது ஒரு தடவைக்குத்தான் ஆகும், அப்புறம் குப்பை, அதனால் வேண்டாமாம். அவள் ஊரில் பிளாஸ்டிக் பையோடு ஏர்போர்ட்டில் இறங்கினால் அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.

பிகாஷ் நேர் எதிர். தினமும் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்குவான். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் பாக்கெட் அவன் காலடியில் விழும். நீமா முறைப்பாள். எடுத்துத் தொட்டியில் போடுவான். மறுநாளும் விழும், மறுநாளும் முறைப்பாள்.

ஆனால் அவனிடமும் ஒரு பதில் இருந்தது. ஒருநாள் தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்து என்னிடம் நியாயம் கேட்டான். "அண்ணா, இவ ரூம்ல ஏசி எப்பவும் ஓடும். நான் ஒரு பக்கெட் தண்ணில குளிக்கிறேன். துணியும் அதுலயே. யாரு நல்லவங்க?"

அவன் ஊர் மலைமேல் இருக்கிறது. தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். நீமாவின் ஊர் கடற்கரை.

"எங்க ஊர்ல கடல்காத்து வரும் அண்ணே. இங்க அடுப்புக்காத்து வருது. ஏசி இல்லாம நான் எப்படித் தூங்குறது?" என்றாள் அவள்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ ஆற்றினேன்.

இப்படி இருக்கையில் கல்லூரியில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் குப்பை, தண்ணீர், கரண்ட் விஷயத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அவர்களே எழுத வேண்டும். வந்த ஊரின் பழக்கத்தையும் பார்த்து எழுத வேண்டும். நீமா ஒரு கொக்கித் தராசு வாங்கி வந்தாள். சாயங்காலம் என் கடைக் குப்பைத் தொட்டியைத் தூக்கி நிறுத்துப் பார்த்தாள். கறி நிறுக்கிற மாதிரி.

"அண்ணே, இந்தக் கப்பெல்லாம் எங்க போகும்?"

"குப்பைக்கு."

"குப்பை எங்க போகும்?"

இத்தனை வருஷம் கடை நடத்தியும் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. கையால் அறந்தாங்கி பக்கமாகக் காட்டினேன். (அங்கிட்டு ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கைதான்.)

அவள் விடவில்லை. விசேஷ வீடுகளில் குப்பை அதிகம் சேருமே, என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் காதுகுத்து வைத்திருந்த நேரம் அது. பக்கத்தில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவமானமாக இருந்ததா, வீம்பா, தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"எங்க வீட்டு விசேஷத்துல பிளாஸ்டிக்கே இருக்காது பாப்பா. வந்து பாருங்க."

நீமா நம்பிவிட்டாள். பிகாஷ் சாப்பாட்டில் கறி உண்டா என்று மட்டும் கேட்டான். உண்டு என்றதும் அவனும் வருவதாகச் சொன்னான்.

வீட்டுக்குப் போய் மனைவி வளர்மதியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஒங்களை யாரு பேசச் சொன்னா?" என்றாள். அதோடு விட்டாள். நல்லவள்.

சொன்னதைக் காப்பாற்றப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் வேண்டாம் என்றேன். பந்தல்காரரிடம் எவர்சில்வர் டம்ளர் கேட்டேன். சாப்பாடு எப்படியும் வாழை இலைதான். தாம்பூலத்துக்கு மஞ்சள் துணிப்பை. பந்தலில் பிளாஸ்டிக் பூவை எடுத்துவிட்டு மாவிலையும் தென்னங்குருத்தும் கட்டச் சொன்னேன். எல்லாம் சரியாக நடந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. விசேஷத்தன்று விடியற்காலை வரை அது இருந்தது.

காதுகுத்து எங்கள் குலசாமி கருப்பர் கோயிலில். சுற்றிலும் தைலமரக் காடு. காலையில் போய் இறங்கினேன். கோயில் வாசலில் என் மச்சான் நின்றார். நேரில் இல்லை. பிளெக்ஸில்.

மச்சான் கருப்பையா வளர்மதிக்கு அண்ணன். ஒரே அண்ணன். குவைத்தில் வேலை. இந்தக் காதுகுத்துக்காகவே லீவு போட்டு வந்தவர். முந்தின நாள் சாயங்காலமே அவருடைய கூட்டாளிகள் சவுக்குக் கம்பு நட்டு பிளெக்ஸைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவர் அகலம். நடுவில் மச்சான், கோட்டும் கறுப்புக் கண்ணாடியும். இரண்டு பக்கமும் சிங்கம். பின்னால் ஒரு விமானம். (ஏறுகிறதா இறங்குகிறதா என்று இன்றுவரை எங்களுக்குள் முடிவாகவில்லை.) கீழே ஓரத்தில், தபால்தலை அளவில், என் மகள் தமிழினி.

பிளெக்ஸ் பிளாஸ்டிக்கா இல்லையா என்று அதுவரை நான் யோசித்ததில்லை. தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக்தான்.

எங்கள் பக்கத்துக் காதுகுத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தாய்மாமன்தான் எல்லாம். சீர்த்தட்டோடு மேளம் வெடியுடன் வருவார். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அவர் வரும் வழியில் அவர் பிளெக்ஸ் நிற்க வேண்டும். அதில் குறை வைத்தால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் கணக்குப் போட்டேன். பிள்ளைகள் ஒன்பது மணி பஸ்ஸில் வருவார்கள். மச்சான் அறந்தாங்கியிலிருந்து வர பத்தரை ஆகும். இப்போது அவிழ்த்து வைப்பது. பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் திரும்பக் கட்டிவிடுவது. கறிச்சோற்றுக்கு வருகிறவர்கள் சாப்பிடாமல் எப்படிப் போவார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

கயிற்றை அறுத்தேன். பிளெக்ஸைச் சுருட்டிக் கோயிலுக்குப் பின்னால், சமையல் நடக்கும் இடத்தில் ஓரமாக வைத்தேன். சமையல் மாஸ்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல.

பிள்ளைகள் சரியாக வந்தார்கள். நீமா சேலை கட்டியிருந்தாள். கையில் டம்ளரும் தராசும். பிகாஷ் கையில் கூல்டிரிங்ஸ் பாட்டில். நீமா மாவிலையைப் பார்த்தாள், துணிப்பையைப் பார்த்தாள், டம்ளர் அடுக்கைப் பார்த்தாள். சந்தோஷப்பட்டாள். பிறகு வாசலில் வெறும் சவுக்குக் கம்பு நிற்பதைப் பார்த்தாள்.

"அண்ணே, இங்க பிளெக்ஸ் இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் முகம் வாடிவிட்டது. ஊர் ஊராகப் பிளெக்ஸைப் படம் எடுத்திருக்கிறாளாம். ஒரு பெரிய பிளெக்ஸ் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லி அவள் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். காதுகுத்து என்றதும் இங்கே கட்டாயம் இருக்கும் என்று நினைத்து வந்தாளாம்.

கம்பில் தொங்கிய அறுந்த கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். "எனக்காகக் கழட்டிட்டீங்களா?"

"காத்து" என்றேன்.

நீமா நிமிர்ந்து மரங்களைப் பார்த்தாள். ஒரு இலை அசையவில்லை.

"நான் கொறை சொல்ல வரல அண்ணே. இருக்கிறதைப் பாக்கத்தான் வந்தேன்" என்றாள். அவளுக்குப் பதில் சொல்வதற்குள் வெடிச்சத்தம் கேட்டது. மச்சான் சீக்கிரமே வந்துவிட்டார்.

மேளம் முன்னால். பின்னால் தட்டுத் தூக்கிய பெண்கள். நடுவில் மச்சான், பட்டு வேட்டி, அதே கறுப்புக் கண்ணாடி. கேமராக்காரர் அவரைப் படம் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்தார். பிளெக்ஸுக்கு முன்னால் மச்சானை நிறுத்திப் படம் எடுப்பதாக ஏற்பாடு. மச்சான் நின்றார். திரும்பிப் பார்த்தார். பின்னால் தைலமரக் காடு தெரிந்தது.

மேளம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

"மாப்ளே, நம்ம பிளெக்ஸ் எங்க?"

"இருக்கு மச்சான்."

"எங்க இருக்கு?"

"உள்ள."

"உள்ள எங்க?"

நான் கோயிலுக்குப் பின்புறம் பார்த்தேன். அது தப்பு. அவரும் பார்த்தார். நடந்தார். நான் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும்.

எங்கள் பக்கத்தில் பிளெக்ஸுக்கு விசேஷத்துக்குப் பின்னால்தான் நிஜமான வாழ்க்கை. மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், விறகை மூடும், நெல் காயப்போட விரிப்பாகும். சமையல் இடத்தில் சும்மா கிடக்கும் பிளெக்ஸ் எதற்கு என்று எந்தச் சமையல்காரரும் கேட்கமாட்டார். எங்கள் மாஸ்டரும் கேட்கவில்லை. விரித்துவிட்டார். மச்சானின் நெஞ்சில் வெங்காயம் மலையாகக் குவிந்திருந்தது. கன்னத்தில் அரைத்த மஞ்சள் கொட்டியிருந்தது. கறுப்புக் கண்ணாடி மேல் உட்கார்ந்து ஒரு அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சிங்கங்கள் தெரியவில்லை. அந்த இடத்தில் இரண்டு ஆட்டுத்தலை இருந்தது.

மாஸ்டர் நிமிர்ந்து, "வாங்க வாங்க, இப்பத்தான் வர்றீங்களா?" என்றார். ஆளை அடையாளம் தெரியவில்லை அவருக்கு. கீழே பார்த்தார். மேலே பார்த்தார். பூண்டு உரித்த அம்மா எழுந்து தள்ளி நின்றுகொண்டார்.

"படத்துப் பக்கமாவா போடுவீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"வெள்ளைப் பக்கம் சோறு கொட்டுறதுக்குங்க. அதுல கறை படக்கூடாதுல்ல" என்றார் மாஸ்டர். தொழில் சுத்தம்.

மச்சான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "வேனை எடுக்கச் சொல்லுங்கடா" என்றார். சீர்த்தட்டுகள் திரும்ப வேனில் ஏறின. அவரும் ஏறிக் கதவைச் சாத்தினார்.

காது குத்தும் ஆசாரி ஊசியை எடுத்தவர் திரும்பப் பைக்குள் வைத்தார். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் மச்சானுக்கு ஃப்ளைட். இன்று போனால் இனி எப்போது வருவார், வருவாரா என்பதே தெரியாது. வளர்மதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேனைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று இருப்பது அந்த வேனுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆள்தான்.

என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "எங்கண்ணன் இப்புடியே போச்சுன்னா எனக்குன்னு யாருங்க இருக்கா? போயி வேன்கிட்ட நில்லுங்க. பேசிறாதீங்க."

போய் நின்றேன். கண்ணாடி வழியாக மச்சான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிச்சிருங்க மச்சான் என்று சொல்லலாம். ஒரு வாக்கியம்தான். அது மட்டும் வரவில்லை. (தேவையில்லாதது எப்படி வந்தது பாருங்கள்.)

அதற்குள் சமையல் பக்கம் என்ன நடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நீமா மாஸ்டரிடம் விஷயத்தைக் கேட்டிருக்கிறாள். பிகாஷைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகப் பிளெக்ஸை உருவியிருக்கிறார்கள். உரித்ததும் உரிக்காததுமாக வெங்காயம் உருண்டு ஓடியிருக்கிறது. கழுவத் தண்ணீர் கேட்டால் மாஸ்டர் கொடுக்கவில்லை. கோயில் போர்க்குழாயில் தண்ணீர் வற்றிய சமயம். டேங்கரில் வாங்கிய தண்ணீர். "ஒரு வாளி தாரேன். அதுக்கு மேல கேக்காதீங்க, சோறு வடிக்கணும்" என்றிருக்கிறார்.

சுவர் அகலப் பிளெக்ஸுக்கு ஒரு வாளி. வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார்கள்.

"ஒரு பக்கெட்டா? போதும்" என்றானாம் பிகாஷ்.

பேன்ட்டை மடித்துவிட்டு மேலிருந்து ஆரம்பித்திருக்கிறான். ஒரு டம்ளர் ஊற்றுவது, துணியால் இழுப்பது, வழிகிற தண்ணீரிலேயே அடுத்த இடத்தைத் துடைப்பது. விமானம், சிங்கம், மச்சான், கடைசியில் என் மகள். முடிந்தபோது வாளியில் கால் கழுவும் அளவுக்குத் தண்ணீர் மிச்சம் இருந்ததாம். மாஸ்டர் இன்றும் அதைச் சொல்லி ஆச்சரியப்படுவார். அந்தக் காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலை அவன் அங்கேயே போட்டுவிட்டுப் போனதையும் சேர்த்துச் சொல்வார்.

வாசல் கம்பில் பிளெக்ஸ் மறுபடி ஏறியதை நான் வேன் கண்ணாடியில்தான் பார்த்தேன். மச்சானும் பார்த்துவிட்டார். ஒரு கன்னம் மட்டும் மஞ்சள். அது போகவில்லை.

நீமா வேனுக்கு வந்து கண்ணாடியைத் தட்டினாள். மச்சான் இறக்கினார்.

"அங்கிள், வணக்கம். ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? உங்க படம், நீங்க, நான். எங்கம்மா கேட்டாங்க."

"எந்த ஊரும்மா நீ?"

"டான்சானியா."

மச்சான் முகம் மாறியது. குவைத்தில் அவர் ரூமில், மேல் கட்டிலில் படுப்பவர் ஒரு டான்சானியா டிரைவர். அது எனக்கு அன்றுவரை தெரியாது.

"ஜாம்போ! ஹபாரி?" என்றார் மச்சான்.

நீமா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு அவள் பாஷையில் கொட்டினாள். எத்தனை நாளாகச் சேர்த்து வைத்த பேச்சோ. கண் கலங்கியிருந்தது. மச்சான் தலையை ஆட்டி ஆட்டி "சவா, சவா" என்றார். கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. எங்கள் சொந்தத்தில் இத்தனை சரளமாக அந்தப் பாஷை பேசுகிறவர் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. (மச்சானுக்குத் தெரிந்தது மொத்தமே அந்த மூணு வார்த்தைதான். பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார். அவள் என்ன சொன்னாள் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.)

வேன் கதவு திறந்தது. இறங்கியவர் என் பக்கம் திரும்பினார்.

"ஊரு விட்டு ஊரு வந்து ஒண்டியா கெடக்குற புள்ள கேக்குது. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். அதுக்காக எறங்குறேன் மாப்ளே. ஒனக்காக இல்ல."

நான் தலையாட்டினேன்.

"ஒனக்கு ஒரு வேல இருக்கு. வெங்காயமெல்லாம் கொட்டிப்போச்சாம். பிளெக்ஸுக்கு அடியில ஒக்காந்து மிச்சத்த உரி. வர்றவுக பாக்கட்டும்."

உரித்தேன். விசேஷ வீட்டுக்காரன், புது வேட்டி சட்டை, வாசலில் சம்மணம் போட்டு, தலைக்கு மேல் மச்சான். வந்தவர்களை "வாங்க" என்று சொல்லிக்கொண்டே உரித்தேன். அரிவாள்மணையில் வெட்டவும் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் காது குத்த ஆரம்பித்துவிட்டார்கள். மேளம் கேட்டு எழுந்து ஓடினேன். மகள் மாமன் மடியில். ஆசாரி ஊசியை வைத்தார். அவள் வீறிட்டாள். மச்சான் மறுபடி மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எனக்கோ வெங்காயம். கேமராக்காரர் எங்கள் மூணு பேரையும் ஒரே படத்தில் பிடித்துவிட்டார்.

"கல்லு மாதிரி இருப்பான், மக மேல எம்புட்டுப் பாசம் பாரு" என்று என் பெரியம்மா பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் நீமா குப்பையை நிறுத்தாள். வெங்காயத்தோல்தான் கனமாம். அவள் எழுதப்போவதில் நானும் வருவேன் என்றாள். நல்லபடியாகவா என்று கேட்டேன். சிரித்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. போகும்போது அவளுக்கும் பிகாஷுக்கும் மஞ்சள் பை கொடுத்தோம். பிகாஷ் இன்னொரு பை கேட்டு வாங்கினான், கறிக்கு.

இரண்டு பேரும் படித்து முடித்து ஊருக்குப் போய்விட்டார்கள். கடையில் இப்போது கண்ணாடி கிளாஸ் வைத்திருக்கிறேன். பேப்பர் கப்பும் இருக்கிறது. கேட்டால் கொடுப்பேன். எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. நானாகச் சில நாள் அறந்தாங்கி ரோட்டைப் பார்ப்பதுண்டு.

பிளெக்ஸ் கடைக்குப் பின்னால் விறகை மூடியிருக்கிறது. எத்தனையோ மழை பார்த்தும் கிழியவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் மச்சான் வந்து எட்டிப் பார்ப்பார். கன்னத்து மஞ்சள் அப்படியே இருக்கிறது. சொந்தத்தில் எந்த விசேஷம் வந்தாலும் அவரிடமிருந்து எனக்கு முதல் போன் வரும். "மாப்ளே, பிளெக்ஸ் அடிச்சாச்சு. வெங்காயம் வந்துருச்சா?"

போன வாரம் தமிழினி ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் படத்தில் விரலை வைத்தாள்.

"அப்பா, எனக்குக் காது குத்துறப்ப நீ எதுக்கு அழுத?"

"பாசம்" என்றேன்.

அடுப்படியிலிருந்து வளர்மதி குரல் வந்தது.

"வெங்காயம்."